விரல்களுக்கு மட்டும் தெரிந்த எண்

எண்ணெய் பட்டுக் கை வெந்துபோனது என்று சொன்னால் என் ஊரில் சிரிப்பார்கள். டெக்சாஸ் கடற்கரையில் வண்டி எண்ணெய் கையில் பட்டால், நாற்றம் போக இரண்டு மூன்று தடவை சோப்புப் போட வேண்டும், அவ்வளவுதான். அலாஸ்காவில் கதை வேறு. மைனஸ் நாற்பதில் தண்ணீர் கல்லாகிவிடும். ஆனால் ராணுவ வண்டிக்கு ஊற்றும் எண்ணெய் உறையாது. அந்தக் குளிர் முழுவதையும் தன்னுள் வைத்துக்கொண்டு சாதுவாக ஓடும். காலையில் குழாய் நழுவி, என் வலது கையுறைக்குள் அது புகுந்தபோது சுட்டது. சத்தியமாகச் சுட்டது. கையுறையைக் கழற்றிப் பார்த்தால் விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன. வலிகூட இல்லை.

வலி பிறகு வந்தது, விரல்கள் இளகத் தொடங்கியதும். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாம் தீர்ந்துபோய், கூட வேலை செய்யும் லெயாட்டோவிடம் சமோவா மொழியில் சிலதைக் கேட்டு வாங்கித் திட்டினேன்.

முகாமின் மருத்துவப் பெண் ஹாலி, விரல் விரலாகப் பஞ்சு வைத்துத் துணி சுற்றினாள். சுற்றி முடித்தபோது ஒவ்வொரு விரலும் வாழைப்பழம் அளவுக்கு இருந்தது.

"விரலு போகாது சார்ஜென்ட், பயப்படாதீங்க. ஆனா இந்த மாத்திரை உங்கள மிதக்க வைக்கும். வண்டி ஓட்டாதீங்க. யார்கூடயும் சண்டைக்குப் போகாதீங்க."

"வண்டி ஓட்ட மாட்டேன்," என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் எங்கள் மரக் குடிசைக்குத் திரும்பினேன். பாதை நெடுக மூட்டம். இந்தக் குளிரில் வண்டி விடும் புகையும் மனிதர் விடும் மூச்சும் மேலே போகாது, அங்கேயே உறைந்து தொங்கும். அதற்குள் நடப்பது நேற்று யாரோ விட்ட மூச்சுக்குள் நடப்பது மாதிரி. மாத்திரை அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தது. என் பூட்ஸ் எனக்கு முன்னால் நடந்து போவதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே போனேன்.

எல்லா நாளையும் விட்டு அன்றைக்குத்தான் இது நடக்க வேண்டுமா? அதுதான் என் ஆத்திரம்.

என் கணவன் டெஸ்மண்டும் ராணுவம்தான். கொரியாவில் ஹெலிகாப்டர் பழுதுபார்க்கிறான். கல்யாணமாகி ஏழு வருஷம். ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒன்றரை வருஷம் தேறாது. இருவரும் சிப்பாய்களாக இருக்கும் தம்பதிகள் ஒரே இடத்துக்கு மாற்றல் கேட்கலாம். அதற்கென்று ஒரு பக்கத்தைக் கணினியில் திறந்து வைப்பார்கள். இருவரும் அவரவர் கார்டைச் செருகி, உள்ளே போய், அவரவர் கையெழுத்தைப் போட வேண்டும். ஒருவர் போட்டு மற்றவர் போடாவிட்டால் மனு செல்லாது. ஆளுக்கொரு திசையில் இன்னும் மூன்று வருஷம். அன்று வாஷிங்டனில் அலுவலகம் மூடும்போது அந்தப் பக்கமும் மூடும். எங்கள் கடிகாரத்தில் அது நண்பகல்.

டெஸ்மண்ட் பக்கம் திறந்த அன்றே போட்டுவிட்டான். நான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஆசை இல்லை என்று யாராவது சொன்னால் பல்லைத் தட்டுவேன். ஆசை இருந்தது. அந்த ஆசையின்மேல்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. 'சேர்ந்து இருக்கப் போகிறோம்' என்று எத்தனை தடவை நாங்கள் பாத்திரம் பண்டம்கூட வாங்கி வைத்தோம்! கேட்காமல் இருக்கும்வரை, கிடையாது என்று யாரும் சொல்ல முடியாதல்லவா? இப்படி ஒரு கோழைத்தனம் எனக்குள் இருந்தது.

குடிசையில் லெயாட்டோ தன் மேசையில் உட்கார்ந்து உதிரிபாகக் கணக்கைத் தட்டிக்கொண்டிருந்தான். டவிட்டா லெயாட்டோ, சமோவாத் தீவிலிருந்து வந்த சார்ஜென்ட். கதவை மறைக்கும் உடம்பு, அதற்குச் சம்பந்தமில்லாத மென்மையான குரல்.

"என்ன ப்ரூவரு, கைக்குக் கம்பளிச் சட்டை போட்டு விட்டாங்களா?"

"வாய மூடிட்டு வேலயப் பாரு."

"பாக்கறேன், பாக்கறேன். ஆனா கார்ட மெஷின்ல விட்டுட்டு மட்டும் எந்திரிச்சுப் போயிராத. உன் பேர்ல மொத்தப் பட்டாளத்துக்கும் 'நாளைக்கு டோனட் வாங்கித் தரேன்'னு மெயில் அடிச்சிருவேன். போன வாரம் கேப்டனே வாங்கித் தந்தாரு, ஞாபகம் இருக்கில்ல?"

கழுத்துக் கயிற்றிலிருந்து என் கார்டை இடது கையால் உருவினேன். சீட்டுக்கட்டுச் சீட்டு அளவுதான். ஒரு மூலையில் திருட்டுப் பூனை மாதிரி என் முகம், கீழே பொட்டு அளவுக்குத் தங்க நிறச் சில்லு. ராணுவத்தில் இருக்கிறவருக்கு இதுதான் சாவி. வாசல் கதவு, சாப்பாட்டுக் கூடம், சம்பளச் சீட்டு, விடுப்பு, மெயில் எல்லாம் இதற்குள். செருகினால் திறக்கும். உருவினால் திரை அந்த நிமிஷமே பூட்டிக்கொள்ளும். செருகியதும் ஓர் எண்ணைக் கேட்கும். மூன்று தடவை தப்பாகப் போட்டால் கார்டு செத்துவிடும். உயிர் கொடுக்கத் தலைமை முகாமின் கார்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே ஆள் நான்தானா என்று பார்க்க விரல் ரேகை கேட்பார்கள். விரலோ துணிக்குள்! அதற்கும் முன்னால், மூட்டத்தால் சாலையையே மூடியிருந்தார்கள்.

கார்டைச் செருகினேன். திரை எண்ணைக் கேட்டது. வலது கை பழக்கத்தில் தானே எழுந்து போய் எண் பலகையின்மேல் உட்கார்ந்தது, தட்டியது. பஞ்சு விரல் ஒன்று, ஒரே சமயத்தில் மூன்று விசைகளை அமுக்கியது.

தவறான எண். இன்னும் இரண்டு வாய்ப்பு.

சரி, இடது கையால் போட்டுவிடலாம் என்று விரலை நீட்டினேன். நீட்டிய விரல் அப்படியே நின்றது.

எந்த எண்?

சிரிப்பு வந்தது. ஒவ்வொரு நாளும் பத்துத் தடவை அந்த எண்ணைப் போட்டிருக்கிறேன். தூக்கக் கலக்கத்தில், கோபத்தில், வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு. ஆனால் எண் எனக்குத் தெரியாது. வலது கைக்குத்தான் தெரியும். அது மேசைமேல் துணிக்குள் படுத்துக் கிடந்தது, எனக்குச் சம்பந்தமில்லாத பச்சைக் குழந்தை மாதிரி.

"லெயாட்டோ, உன் நம்பர் உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே."

"தட்டாம சொல்லு. வெளியே சொல்ல வேணாம், மனசுக்குள்ள."

அவன் கண்ணை மூடினான். உதடு அசைந்தது. பிறகு அவனது விரல்கள் மேசையில் தாமாகத் தட்டின. கண்ணைத் திறந்தான். "அடப்பாவி! தெரியலியே!"

"அதான்."

"இரு, இரு. இப்ப நான் எப்படி உள்ள போவேன்? நீ கேட்டுக் கெடுத்துட்டியே!" என்று பதறி, தன் கார்டை உருவிச் செருகிப் பார்த்தான். உள்ளே போய்விட்டான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு அவனை அடிக்கலாம் போல இருந்தது.

"எல்லாரும் எதாவது ஒரு தேதியத்தான் வப்பாங்க ப்ரூவரு. வைக்காதன்னு சொன்னாலும் அதத்தான் வப்பாங்க. கல்யாண நாளா இருக்கும், போட்டுப் பாரு."

மாத்திரை என் தலைக்குள் பஞ்சை நிரப்பியிருந்தது. அந்தப் பஞ்சுக்குள் அது மிக நல்ல யோசனையாகத் தெரிந்தது. ஏன் இருக்கக் கூடாது? கல்யாண நாளை வைக்காத பெண் உண்டா? இடது ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகப் போட்டேன்.

தவறான எண். இன்னும் ஒரு வாய்ப்பு.

அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தபோது கையைவிட நெஞ்சு அதிகமாக வலித்தது. கார்டு போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். தினமும் பத்துத் தடவை என் கை சொல்லும் எண்ணில் எங்கள் கல்யாணம் இல்லை என்ற வெட்கம் இன்னொரு பக்கம்.

தொலைபேசி அடித்தது. எங்கள் ராணுவ லைன், உலகத்தில் எந்த முகாமையும் பிடிக்கும். லெயாட்டோ எடுத்து, கேட்டுவிட்டு, என்னிடம் நீட்டினான். "உன் வீட்டுக்காரர். நாளைலேருந்து பேசறார்."

கொரியாவில் அப்போது மறுநாள் ஆகிவிட்டிருந்தது. டெஸ்மண்ட் எப்போதும் என் நாளைக்குள்தான் இருக்கிறான். எனக்கு முன்னால் போய் அங்கே விளக்கைப் போட்டு வைத்துவிட்டுக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

"நெல், போட்டுட்டியா?" இங்கே எல்லாருக்கும் நான் ப்ரூவர், அவனுக்கு மட்டும்தான் நெல்.

"இல்ல."

"மணியப் பாத்தியா? ராத்திரி பூரா ஷிப்டுல ஒரு நட்டக்கூட ஒழுங்கா முடுக்கல நான். என்னாச்சு உனக்கு?"

சொன்னேன். எண்ணெய், கை, மாத்திரை, பூட்டு. அவன் முதலில் கையைப் பற்றித்தான் கேட்டான். விரல் இருக்கிறதா, வலிக்கிறதா, யார் கட்டுப் போட்டது, நன்றாகக் கட்டினாளா. அதற்குப் பிறகுதான் எண்ணுக்கு வந்தான்.

"என் பொறந்தநாளா இருக்குமோ?"

"இல்ல டெஸ். போன ஏப்ரல்ல உன் பொறந்தநாளயே மறந்தவ நான். தெனம் தட்டியிருந்தா மறப்பேனா?"

"அதுவும் சரிதான். அப்ப நம்ம கல்யாண நாளு?"

"போட்டுப் பாத்தேன். அதுவும் இல்ல."

"ஓ," என்றான்.

அந்த 'ஓ' கடல் தாண்டி வந்தது. கோபப்பட்டிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். எனக்குக் கத்துவது சுலபம்.

"ஒண்ணு இருக்கில்ல இன்னும்," என்றான் கடைசியில். "அவசரப்படாத. நான் இங்கேயே இருக்கேன். முடிஞ்சா கூப்பிடு." கொஞ்சம் நிறுத்தி, "முடியலன்னாலும் கூப்பிடு," என்றான்.

தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

அப்போதுதான் விடிந்திருந்தது. ஜனவரியில் எங்களுக்குப் பத்து மணிக்கு மேல்தான் விடியும். சூரியன் மரங்களின் முட்டிக்கு மேல் ஏறாமல், அடிவானத்தில் உட்கார்ந்திருந்தது. மூட்டம் சற்று விலகியிருந்த இடத்தில் அதன் இரு பக்கமும், பனித்தூளில் ஒளி பட்டு, இரண்டு பொய்ச் சூரியன்கள். காற்றில் மினுக்குத் தூள் பறந்தது. மேலே இருந்து எதுவும் விழவில்லை, காற்றே உறைந்து மினுங்கியது. குப்பைத் தொட்டிமேல் ஒரு அண்டங்காக்கை உட்கார்ந்து, தண்ணீர் சொட்டும் ஒலியைத் தொண்டையில் எழுப்பியது. 'நீ தண்ணீரைப் பார்த்தே மூன்று மாதம் ஆகிறது, உனக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது?' என்று அதனிடம் கேட்டேன். வாய்விட்டுத்தான் கேட்டேன். மாத்திரை அப்படி.

எனக்கு டெக்சாஸ் தெரிந்தது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், இறால் வலை, வெயிலில் வெந்த மரப்பாலம். பாலத்தில் டெஸ்மண்ட் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். அருகில் போனேன். போகப் போகப் பாலம் நீண்டுகொண்டே இருந்தது. அவன் திரும்பவில்லை. நான் கூப்பிட வாயைத் திறந்தேன், வாயிலிருந்து வெள்ளையாக மூச்சு மட்டும் வந்தது. கண் இமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உறைபனி. கண்ணை மூடியபடியே நின்றிருந்தால் அங்கேயே சிலையாகியிருப்பேன்.

"ப்ரூவரு! உள்ள வா! வெளிய நின்னு செத்துப்போனா எழுதி அனுப்பற வேலை எனக்குத்தான் வரும்!"

உள்ளே ஹீட்டரின் இரைச்சல். லெயாட்டோ எனக்காகக் கோகோ கலக்கப் போய், பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, பாதியைச் சாப்பாட்டுத் தட்டில் கொட்டியிருந்தான். தட்டு முழுக்கப் பழுப்பு மாவு பரவிக் கிடந்தது. அதன் நடுவே அவன் கட்டைவிரல் பதிந்த ஒரு குழி. அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அதத் துடைக்காத."

"கொட்டினதக் குடிக்கப் போறியா?"

"இன்னொரு பொட்டலம் இருக்கா? இருந்தா அதையும் கொட்டு. நல்லாப் பரப்பு, சமமா."

அவன் என் கண்ணைப் பார்த்தான். "ஹாலியக் கூப்பிடட்டுமா?"

"கொட்டுடா!"

கொட்டினான். அட்டையால் வழித்துச் சமமாக்கினான். தட்டை, எண் பலகை எப்போதும் இருக்கும் இடத்தில் வைக்கச் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கையை வழக்கமான இடத்தில் ஊன்றினேன்.

"இப்பத் திரும்பிச் சுவத்தப் பாத்து நில்லு. அடுத்தவங்க நம்பரப் பாத்தா உன்னையும் உள்ள வப்பாங்க."

அந்தப் பெரிய உடம்பு சுவரைப் பார்த்துத் திரும்பியது. நான் கண்ணை மூடினேன். கையை மாவின்மேல் தொங்கவிட்டுக் காத்திருந்தேன். கை அசையவில்லை. நான் அதைக் கவனிக்கிறேன் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. கவனித்தால் அது வாயைத் திறக்காது.

"லெயாட்டோ, என்னத் திட்டு."

"என்ன?"

"எதாவது பேசி எனக்குக் கோபம் வர வை. நான் கைய நெனக்கக் கூடாது."

கொஞ்ச நேரம் யோசித்தான். நல்லவன், திட்டு வரவில்லை. பிறகு ஆரம்பித்தான். "டெக்சாஸ்காரங்களுக்குக் கறி சுடத் தெரியாது."

"என்ன சொன்ன?"

"இனிப்புக் கொழம்ப மேல ஊத்தி, கரிய வச்சு மூடி, அதப் பெருமையா வேற பேசுவீங்க. எங்க ஊர்ல மண்ணத் தோண்டி, கல்லக் காய வச்சு, எல மூடி ஒரு பன்னிய வேக வப்போம் பாரு, அதுக்கு முன்னாடி உங்க கறி செருப்புத் தோலு."

"ஏய், நீ எங்க கறியச் சாப்பிட்டிருக்கியாடா? எங்க மாமா ஒரு ராத்திரி பூரா அடுப்புப் பக்கத்துலயே உக்காந்து..."

"உக்காந்து? பீர் குடிச்சிருப்பாரு."

"குடிப்பாரு! அதுக்கென்ன! கறி வேக ராத்திரி பூரா ஆகும், சும்மா உக்கார முடியுமா? அறிவு கெட்டவனே, தீவுல தேங்காயத் தின்னு வளந்துட்டு நீ எனக்குக் கறி..."

கையில் சுரீரென்று வலித்தது. கண்ணைத் திறந்தேன்.

மாவில் ஐந்து குழிகள். கை தன் வேலையை முடித்துவிட்டுத் தட்டின் ஓரத்தில் ஒன்றும் தெரியாததுபோல் படுத்திருந்தது. துணி நுனிகளில் கோகோ.

குனிந்து பார்த்தேன். கீழே கட்டைவிரலின் அகலக் குழி, அது பூஜ்யம். அதற்கு மேல் வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கும் மேல் வலது ஓரத்தில் ஆறு. இரண்டின் குழி மட்டும் மற்றவற்றைவிட ஆழம். அங்கே விரல் இரண்டு தடவை போயிருக்கிறது. ஆக ஆறு இலக்கம்: இரண்டு, இரண்டு, ஆறு, பூஜ்யம், மூன்று, ஒன்று. எது முதல், எது கடைசி என்று மாவு சொல்லவில்லை.

இடது கை விரலை அவற்றின்மேல் படாமல் ஓட்டிப் பார்த்தேன். தேதியாக இருக்கும் என்றான் லெயாட்டோ. ராணுவத்தில் நாங்கள் நாளை முதலில் எழுதுவோம், பிறகு மாதம், பிறகு வருஷம். இருபத்தாறு. பூஜ்யம் மூன்று.

வருஷத்தைப் படிக்கவில்லை. படிக்கத் தேவைப்படவில்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்று, மார்ச் இருபத்தாறு. டெஸ்மண்ட் குவைத்திலிருந்து திரும்பி வருவதாக இருந்த நாள். அந்த ஜனவரியில்தான் எனக்கு இந்தக் கார்டு கொடுத்தார்கள். கவுண்டரில் நின்று, யாரும் பார்க்காமல் கையை மறைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே அந்த எண்ணை வைத்தேன். அவனுக்கு அதற்குப் பிறகு என் முகாமுக்கே மாற்றல் என்று சொல்லியிருந்தார்கள். வீடு பார்த்தேன். திரைச்சீலை தைக்கக் கொடுத்தேன். விமானம் இறங்கும் கொட்டகையில் மற்றப் பெண்களோடு நின்று தூக்கிப் பிடிக்க, அட்டையில் அவன் பெயரை வண்ணத்தில் எழுதி வைத்திருந்தேன். இருபத்தைந்தாம் தேதி, விமானம் இல்லை என்றார்கள். பிறகு வரும் என்றார்கள். பிறகு குவைத்திலேயே இன்னும் சில மாதம் என்றார்கள். பிறகு கொரியா. அட்டையை மடித்துக் குப்பையில் போட்டேன். அந்தத் தேதியைப் பிறகு நினைக்கவே கூடாது என்று வைராக்கியமாக மறந்தேன். நான் எதையும் நன்றாகச் செய்கிறவள், மறப்பதையும் நன்றாகச் செய்தேன். கை மறக்கவில்லை. மூன்று வருஷமாக நான் மெயில் பார்க்கவும் உதிரிபாகம் கேட்கவும் கணினியைத் திறக்கும்போதெல்லாம், அது அவன் வரும் நாளையே தட்டிக்கொண்டிருந்தது.

"ப்ரூவரு? அழறியா? நான் சும்மா சொன்னேன். உங்க கறி நல்லாத்தான் இருக்கும்."

"திரும்பாத. அங்கேயே நில்லு."

மணி பன்னிரண்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இடது ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் இலக்கமாகப் போட்டேன். கடைசி இலக்கத்துக்கு முன்னால் விரல் நின்றது. தப்பாக இருந்தால்? தப்பாக இருந்தால் கார்டு சாகும், மூன்று வருஷம் போகும். ஆனால் தப்பாக இருக்காது என்று எனக்குத் தெரியும். அழுகை பொய் சொல்லாது. ஒன்று என்ற விசையை அமுக்கினேன்.

திரை ஒரு நிமிஷம் யோசித்தது. செயற்கைக்கோள் வழியாக வரும் இணைப்பு, எப்போதும் யோசிக்கும். பிறகு என் பெயரைச் சொல்லி வரவேற்றது.

பக்கத்தைத் திறந்தேன். 'டெஸ்மண்ட் ப்ரூவர்' என்று அவன் கையெழுத்து, பக்கம் திறந்த முதல் நாளின் தேதியோடு. கீழே என் பெயர், பக்கத்தில் காலியாக ஒரு கட்டம். அதை அமுக்கினேன். மறுபடி எண்ணைக் கேட்டது. இந்தத் தடவை விரல் நிற்கவில்லை. கட்டம் நிரம்பியது. அவன் பெயருக்குக் கீழே என் பெயர், நடுவில் ஒரு கோடுகூட இல்லாமல். கொடுப்பார்களோ மாட்டார்களோ, அது மேலிடத்தின் கையில். ஆனால் நான் கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டேன் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

தட்டை எடுத்து ஆட்டினேன். குழிகள் மூடிக்கொண்டன. "இப்பத் திரும்பலாம்," என்றேன். லெயாட்டோ திரும்பி, என் முகத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல், தட்டிலிருந்த கோகோவைக் கோப்பையில் வழித்துப் போட்டு வெந்நீர் ஊற்றினான். "எண் வெளியே வந்துருச்சு. மாத்திரு ப்ரூவரு, அதான் ஒழுங்கு," என்று மட்டும் சொன்னான். அவன் சொல்வது சரிதான். உள்ளே இருக்கும்போதே புது எண் வைத்தேன். அது ஒன்றையும் குறிக்காத எண். வேண்டுமென்றே யோசிக்காமல், இடது கைக்குத் தோன்றியதை வைத்து, இரண்டு தடவை மனப்பாடம் செய்தேன்.

பிறகு கொரியாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"போட்டாச்சு," என்றேன்.

அவன் மூச்சை விட்ட சத்தம் கேட்டது. "கண்டுபிடிச்சிட்டியா? என்ன நம்பர்? இல்ல, சொல்லாத, சொல்லக் கூடாது."

"மாத்திட்டேன். அது இனிமே எதையும் திறக்காது. அதனால சொல்லலாம்." குரலைச் சரிசெய்துகொண்டேன். "இருபத்தாறு, பூஜ்யம் மூணு, இருபத்தொண்ணு."

சன்னலுக்கு வெளியே அந்தக் கோணல் வெளிச்சம் மரத்துக்கு மரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"நெல்," என்றான். குரல் வேறாக இருந்தது. "அன்னைக்கு நான் பூட்ஸக் கழட்டவே இல்ல. முந்தின நாளே ரத்துன்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் பையப் பிரிச்சு, குளிச்சுட்டு, படுத்துட்டாங்க. நான் பையக் கட்டி வச்சு, பூட்ஸ் நாடாவ இறுக்கிக் கட்டி, கட்டில்ல உக்காந்திருந்தேன். மறுநாள் பூரா. யாராவது வந்து 'இல்ல, விமானம் இருக்கு, ஓடு'ன்னு சொல்லுவாங்கன்னு. உங்கிட்ட சொன்னதே இல்ல. வெக்கமா இருந்துது."

நான் அழுதேன். மாத்திரையின்மேல் பழி போட எனக்கு மனமில்லை. இவ்வளவு நாளும் ஏமாந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்து, அவன்மேல்கூடக் கொஞ்சம் கோபத்தைச் சேர்த்து வைத்திருந்தேன்.

"இப்ப எங்க இருக்க?" என்று கேட்டேன்.

"ரூம்ல. ஷிப்டு முடிஞ்சு வந்து, கட்டில்லதான் உக்காந்திருக்கேன்."

"கால்ல என்ன?"

"பூட்ஸு," என்றான்.

"கழட்டு, டெஸ். கழட்டிட்டுப் படுத்துத் தூங்கு. புது நம்பர்ல நான் தேதி எதுவும் வைக்கல."

தொலைபேசியை எங்கேயோ வைத்தான். அவன் குனிவது, நாடாவை அவிழ்ப்பது, பூட்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைப்பது எல்லாம் எனக்குக் கேட்டது.